தோட்டா நிரப்பும் பிரஸ்: மருமகன் கேட்ட கேள்வி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவு பத்து மணி இருக்கும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் என் அக்காள் மகன் டெலிபோனில் கூப்பிட்டான்.

"மாமா, ஒரு பிரஸ் வாங்கப்போகிறேன். எதை வாங்கலாம்? நீங்கதான் சொல்லணும்" என்றான்.

எனக்கு ஆச்சரியம். கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்ப்பவனுக்குப் பிரஸ் எதற்கு?

"தோட்டா செய்யத்தான் மாமா!" என்றான், தோசை சுடத்தான் என்பதுபோல.

ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சே வரவில்லை.

நான் புனேயில், போசரியில், முப்பத்தொரு வருஷம் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவன். ஃப்ளை பிரஸ்ஸில் தொடங்கி நூறு டன் பவர் பிரஸ் வரை எல்லாவற்றின் முன்னாலும் நின்றிருக்கிறேன். வாஷர் முதல் மோட்டார் வண்டிப் பாகம் வரை அடித்திருக்கிறேன். ஆனால் தோட்டா?

தோட்டா என்றால் புனே தமிழர்களுக்குக் கிர்க்கி தொழிற்சாலைதான் ஞாபகம் வரும். 1869-இல் ஏற்பட்ட தொழிற்சாலை அது. 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் நடக்கிறது. மதில் சுவரும் காவலுமாக இருக்கும் அந்த இடத்தில் நடக்கிற வேலையை, ஒருவன் தன் வீட்டுக் கார் கொட்டகையில் உட்கார்ந்து செய்வதா?

செய்கிறார்கள். அமெரிக்காவில் அது பல்லாண்டுப் பழக்கம். குறி பார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களும் மான் வேட்டைக்காரர்களும் சுட்டு முடித்த காலிக் கூடுகளைப் பொறுக்கி வந்து, வீட்டில் மறுபடியும் நிரப்பிக்கொள்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு நிரப்ப அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. செய்து விற்பதானால்தான் உரிமம் வேண்டும். என் மருமகன் அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டவன். சனிக்கிழமைதோறும் குறி சுடும் திடலுக்குப் போகிறவன்.

"விலை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை மாமா. அதோடு நாமே அளந்து நிரப்பினால் குறியும் சுத்தமாக விழும்" என்றான்.

பிரஸ் என்று வந்துவிட்டது. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. "ஒரு வாரம் டைம் கொடு" என்றேன். அவன் அனுப்பிய படங்களையும் விளக்கங்களையும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். படித்ததை இங்கே சொல்கிறேன். பிரஸ்ஸின் முன் நிற்கும் நம்மவர்களுக்கு இதில் விஷயம் இருக்கிறது.

தோட்டாவில் நான்கு உறுப்பு

தோட்டா என்பது ஒரே துண்டு அல்ல. நான்கு சாமான் சேர்ந்தது.

முதலாவது பித்தளைக் கூடு. நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. இரண்டாவது, கூட்டின் அடியில் பதிந்திருக்கும் பொட்டு. இதைப் பிரைமர் என்பார்கள். துப்பாக்கியின் ஊசி இதைத் தட்டினால் தீப்பொறி வரும். மூன்றாவது, கூட்டுக்குள் இருக்கும் மருந்து. நான்காவது, வாயில் செருகியிருக்கும் குண்டு.

சுட்டபின் குண்டு போய்விடும். மருந்து எரிந்துவிடும். பிரைமர் செத்துவிடும். மிஞ்சுவது பித்தளைக் கூடு. நான்கில் விலை கூடிய பொருளும் இதுதான். வாய் கீறும் வரை இதைப் பல தடவை உபயோகிக்கலாம். மிச்சம் பிடிக்கும் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் சுட்ட கூடு பழைய அளவில் இராது. உள்ளே எழும் அழுத்தத்தில் உப்பி, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அதை மறுபடி அளவுக்கு இறுக்கவேண்டும். செத்த பிரைமரைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பதிக்கவேண்டும். மருந்தை அளந்து போடவேண்டும். குண்டை நேராகப் பொருத்தவேண்டும்.

இறுக்குவதற்கும் பொருத்துவதற்கும் டை வேண்டும். டை என்றால் பிரஸ் வேண்டும்.

மேலே ஏறும் ராம்

நம் ஃப்ளை பிரஸ்ஸில் மேலிருந்து ராம் கீழே இறங்கும். இந்தப் பிரஸ்ஸில் தலைகீழ். டை மேலே மரையில் முறுக்கி நிற்கிறது. கூடு கீழே ராமின் தலையில் நிற்கிறது. கைப்பிடியை அழுத்தினால் ராம் மேலே ஏறிக் கூட்டை டைக்குள் தள்ளுகிறது.

மோட்டார் கிடையாது. கரண்டு கிடையாது. கை வலுவுதான். ஆனால் கைப்பிடிக்கும் ராமுக்கும் நடுவே இருக்கும் மூட்டு இணைப்பு சாமர்த்தியமானது. ராம் உச்சிக்குப் போகப் போக விசை பெருகும். கூடு முழுதும் டைக்குள் நுழைந்து இறுகும் சமயத்தில்தான் அதிக பலம் தேவை. அந்தச் சமயத்தில்தான் அது கிடைக்கிறது.

இந்தப் பிரஸ்களில் மூன்று ஜாதி உண்டு.

ஒன்று, ஒற்றை நிலைப் பிரஸ். ஒரு நேரத்தில் ஒரே ஒரு டை. கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரு கூட்டுக்கு ஒரு வேலை. ஐம்பது கூட்டையும் இறுக்கி முடித்தபின் டையைக் கழற்றி அடுத்த டையை மாட்டவேண்டும்.

இரண்டு, சுழல் தலைப் பிரஸ். மூன்று நான்கு டைகள் ஒரு வட்டத் தலையில் மாட்டியிருக்கும். தலையைத் திருப்பித் திருப்பி வேலை செய்யலாம்.

மூன்று, தொடர் பிரஸ். இதில் சுழல்வது கீழே இருக்கும் தட்டு. நாலைந்து கூடுகள் ஒரே சமயத்தில் வெவ்வேறு டையின் கீழ் நிற்கும். ஒரு இழுப்புக்கு எல்லா இடத்திலும் வேலை நடக்கும். இழுப்புக்கு ஒரு தோட்டா முடிந்து வெளியே விழும்.

ஒற்றை நிலையில் மணிக்கு ஐம்பது தோட்டா செய்தால் சுமாரான வேகம். தொடர் பிரஸ்ஸில் பல நூறு செய்யலாம்.

மருமகன் கண் வைத்திருந்தது தொடர் பிரஸ்மேல். "ஒரே மணி நேரத்தில் மாசத்துக்கு வேண்டியது ஆயிடும் மாமா" என்றான்.

எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டாவது அடி

பவர் பிரஸ்ஸில் நின்றவர்களுக்குத் தெரியும். பெடலை ஒரு தடவை மிதித்தால் ராம் ஒரு தடவை இறங்கி, மேலே போய் நிற்கவேண்டும். கிளட்ச் சாவி தேய்ந்துவிட்டால், அல்லது ஸ்பிரிங் உடைந்துவிட்டால், மிதிக்காமலேயே இரண்டாவது தடவை இறங்கும்.

அந்த இரண்டாவது அடிதான் விரலை வாங்கும். முதல் அடி முடிந்தது, சாமானை எடுக்கலாம் என்று கை உள்ளே போயிருக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் அப்படி நடந்தது. தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த தம்பி. கல்யாணமாகி ஆறு மாசம். உற்பத்தி குறைகிறது என்று கார்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அவனை ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்களில் நானும் ஒருவன். "அண்ணே, ஊருக்குச் சொல்லிடாதீங்க" என்பதையே வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

தோட்டா வேலையிலும் ஓர் இரண்டாவது அடி உண்டு என்று படித்தபோது எனக்கு அந்தத் தம்பி ஞாபகம்தான் வந்தது.

ஒரே கூட்டில் தவறிப்போய் இரண்டு தடவை மருந்து போட்டுவிடுவதுதான் அது. சுடும்போது துப்பாக்கி தாங்காது. வெடித்துப் பிளக்கும். பிடித்திருக்கும் கையும், அருகே இருக்கும் கண்ணும் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

பெரிய ரைபிள் தோட்டாவில் இந்தத் தவறு பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். ஒரு அளவு மருந்திலேயே கூடு பாதிக்கு மேல் நிறைந்திருக்கும். மறுபடி போட்டால் வழிந்துவிடும். கைத்துப்பாக்கித் தோட்டாவில் அப்படியல்ல. .38 ஸ்பெஷல் என்று ஒரு தோட்டா. 1898-இல் வந்தது. கரிமருந்துக் காலத்துக் கணக்கில் செய்த பெரிய கூடு. இன்றைய புகையற்ற மருந்து அதில் கொஞ்சம்தான் போடவேண்டும். அடியில் கிடக்கும். இரண்டு பங்கு போட்டாலும் வெளியே தெரியாது. குண்டைப் பொருத்திவிட்டால் அப்புறம் கண்ணுக்குத் தெரிய வழியில்லை.

மருந்தே போடாமல் விடுவதும் ஆபத்து. பிரைமரின் விசை மட்டும் குண்டைத் தள்ளி, குழாயின் நடுவில் நிறுத்திவிடும். "புஸ்" என்றதே என்று யோசிக்காமல் அடுத்ததைச் சுட்டால், குழாய் வெடிக்கும்.

தொடர் பிரஸ்ஸில் எல்லா வேலையும் ஒரே இழுப்பில் நடக்கிறது. நடுவில் ஏதாவது சிக்கிக்கொண்டால் கையால் முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கவேண்டி வரும். அப்போது எந்தக் கூட்டில் மருந்து விழுந்தது, எதில் விழவில்லை என்று மனசில் கணக்குத் தப்பும். பழகியவனுக்கு நின்று, எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்கத் தெரியும். புதிதாகத் தொடங்குகிறவன் "விழுந்திருக்கும்" என்று நினைத்து மேலே போவான்.

ஒற்றை நிலையில் இந்தச் சங்கடம் குறைவு. ஐம்பது கூட்டையும் துளை போட்ட மரக்கட்டையில் வரிசையாக நிறுத்துவார்கள். ஒவ்வொன்றிலும் மருந்து போடுவார்கள். ஐம்பதும் முடிந்தபின் விளக்கைக் கிட்டே பிடித்து மேலிருந்து பார்ப்பார்கள். ஒன்றில் மட்டம் உயர்ந்திருந்தாலும் தாழ்ந்திருந்தாலும் பக்கத்துக் கூடே காட்டிக்கொடுத்துவிடும். பார்த்த பிறகுதான் குண்டு பொருத்துவது.

அந்தப் பார்வைக்கு இடம் கொடுப்பதுதான் ஒற்றை நிலைப் பிரஸ்ஸின் பெருமை. "முதலில் இதை வாங்கு. இரண்டு வருஷம் இதில் கை பழகு. அப்புறம் மற்றதைப் பற்றிப் பேசுவோம்" என்று மருமகனிடம் சொன்னேன்.

எதைப் பார்த்து வாங்குவது?

ஒற்றை நிலை என்று முடிவானால் போதுமா? அதிலும் பல கம்பெனி, பல மாடல்.

ஆர்.சி.பி.எஸ். என்ற கம்பெனி 1943-இல் கலிபோர்னியாவில் ஓரோவில் ஊரில் தொடங்கியது. யுத்த காலம். வேட்டைக்காரர்களுக்குக் குண்டு கிடைக்கவில்லை. சுட்டுப்போட்ட சின்னத் தோட்டாக் கூட்டையே உறையாக வைத்துக் குண்டு அழுத்தி எடுக்க ஒரு டை செய்தார் பிரெட் ஹண்டிங்டன் என்பவர். அந்த டையின் பெயர்ச் சுருக்கமே கம்பெனியின் பெயராயிற்று. அவர்களுடைய 'ராக் சக்கர்' என்ற வார்ப்பிரும்புப் பிரஸ் இந்தத் துறையில் பேர்பெற்றது. லைமன், லீ, ரெட்டிங், ஹார்னடி என்று வேறு கம்பெனிகளும் உண்டு.

கம்பெனிப் பெயரைவிடப் பிரஸ்ஸின் உடம்பைப் பார் என்றேன். நான் சொன்னவை இவை.

முதலில் சட்டம். சில பிரஸ்கள் ஆங்கில 'சி' எழுத்துப்போல ஒரு பக்கம் திறந்திருக்கும். சில 'ஓ' எழுத்துப்போல முழுதும் மூடியிருக்கும். பாரம் ஏறும்போது 'சி' சட்டத்தின் வாய் கொஞ்சம் விரியும். இதை நம் ஷாப்பில் வேலை பார்ப்பவனுக்கு யாரும் சொல்லித்தரவேண்டாம். விரிந்தால் டைக்கும் ராமுக்கும் நேர் தப்பும். கைத்துப்பாக்கிக் கூட்டுக்கு 'சி' போதும். கையை உள்ளே விட்டு வேலை செய்யவும் வசதி. ஆனால் மருமகனிடம் .30-06 ரைபிளும் இருக்கிறது. அந்த நீளக் கூட்டை முழுதும் இறுக்க நல்ல பலம் வேண்டும். அதற்கு 'ஓ' சட்டம்தான் சரி.

இரண்டாவது உலோகம். அலுமினியம் லேசானது, விலை குறைவு. வார்ப்பிரும்பு கனமானது, தலைமுறைக்கு வரும். இடம் மாற்றாமல் ஒரே பெஞ்சில் வைப்பவனுக்குக் கனம் ஒரு குறையல்ல.

மூன்றாவது ராம். கனத்த ராமாக, நீளமான துளையில் ஓடுவதாக இருக்கவேண்டும். கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தால் பக்கவாட்டில் ஆட்டம் தெரியக்கூடாது.

நான்காவது வாய் உயரம். நீளக் கூட்டையும் அதன்மேல் குண்டையும் வைத்தாலும் டைக்குக் கீழே விரல் புழங்க இடம் வேண்டும்.

ஐந்தாவது மரை. பெரும்பாலான டைகளுக்கு 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. இது அங்கே பொது அளவு. ஒரு கம்பெனி பிரஸ்ஸில் இன்னொரு கம்பெனி டையை மாட்டலாம். வேறு அளவில் இருந்தால் வாங்காதே.

ஆறாவது, செத்த பிரைமர் எங்கே விழுகிறது என்பது. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கக்கூடாது. அதன் கரியில் ஈயம் இருக்கிறது. சில பிரஸ்களில் ராமின் பக்கமாகத் தெறித்து, அந்தத் தூள் ராமையும் கீறும், பெஞ்சிலும் பரவும். ராமின் நடுத்துளை வழியே குழாயில் இறங்கி டப்பாவில் விழும்படி இருந்தால் நல்லது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தொடாதே என்றேன். அவனுக்கு மூன்று வயதில் பெண் இருக்கிறாள்.

ஏழாவது பெஞ்ச். எவ்வளவு நல்ல பிரஸ்ஸானாலும் ஆடுகிற மேஜையில் மாட்டினால் வீண். கூட்டை டையிலிருந்து திரும்ப இழுக்கும்போது பெஞ்சே மேலே தூக்கும். கனத்த பலகையில், தடித்த போல்ட் போட்டு, சுவரோடு சேர்த்து இறுக்கவேண்டும்.

டை விஷயத்திலும் ஒன்று சொன்னேன். ரைபிள் கூட்டுக்கு மசகு தடவாமல் டைக்குள் விட்டால் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் விளிம்பு பிய்ந்து வரும். நேரான கைத்துப்பாக்கிக் கூட்டுக்கு மட்டும் கார்பைடு வளையம் வைத்த டை கிடைக்கிறது. அதற்கு மசகு வேண்டாம். லேத்தில் கார்பைடு டூல் உபயோகித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

புதுசுக்குப் பணம் போதாவிட்டால் பழசு வாங்கலாம். நல்ல வார்ப்பிரும்புப் பிரஸ் நாற்பது வருஷம் ஆனாலும் உழைக்கும். வார்ப்பில் கீறல், மரையில் சேதம், ராமில் ஆட்டம் மூன்றையும் பார்த்தால் போதும்.

மருந்தின் அளவு பற்றி என்னிடம் கேட்டான். "அதை நான் சொல்லமாட்டேன், உன் சிநேகிதன் சொன்னாலும் கேட்காதே. மருந்துக் கம்பெனியும் குண்டுக் கம்பெனியும் சோதித்து அச்சிட்ட புத்தகத்தில் இருப்பதுதான் அளவு. அதிலும் ஆரம்ப அளவிலிருந்து தொடங்கு. பெஞ்சின்மேல் ஒரு சமயத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்கவேண்டும். கண்ணாடி போட்டுக்கொள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. யாராவது கூப்பிட்டால் பாதியில் விட்டுப் போகாதே" என்றேன்.

"நீங்க கிர்க்கியிலேயே வேலை பார்த்தவர்போலப் பேசறீங்க மாமா" என்று சிரித்தான்.

நம் நாட்டில் இது ஆகாது

வாசகர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். இது அந்த நாட்டுச் சட்டத்தில் நடக்கும் காரியம். இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி கூடாது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது ஏழு வருஷம். ஆயுள் தண்டனை வரையும் போகலாம். பிரஸ் ஓட்டத் தெரியும், டை செய்யத் தெரியும் என்று யாராவது வந்து ஆசை காட்டினால், நம் பிள்ளைகள் கையெடுத்துக் கும்பிட்டு விலகிவிடவேண்டும்.

பழைய இரும்பு வியாபாரத்தில் இருப்பவர்களும் கவனிக்கவேண்டும். மூட்டையில் வரும் தோட்டா எல்லாம் சுட்ட தோட்டா அல்ல. அடியில் ஊசி தட்டிய பள்ளம் இல்லாமல், வாயில் குண்டோடு இருந்தால் அது உயிரோடு இருக்கிறது. தட்டவும் கூடாது, உருக்கவும் கூடாது. போலீசுக்குச் சொல்லிவிடவேண்டும்.

மறுபடி டெலிபோன்

போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் மறுபடி கூப்பிட்டான். 'ஓ' சட்டம் வைத்த ஒற்றை நிலைப் பிரஸ், பழசுதான், வாங்கி மாட்டிவிட்டானாம்.

"முதல் ஐம்பது போட்டேன் மாமா. .38 தோட்டா. நீங்க சொன்ன மாதிரி கட்டையில் நிறுத்தி விளக்கு பிடித்துப் பார்த்தேன்" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"என்னடா?"

"நாலாவது வரிசையில் ஒன்றில் மட்டம் உயரமா இருந்தது. போட்டது மறந்து மறுபடியும் போட்டிருக்கேன். பாப்பா நடுவில் கதவைத் தட்டினாள். அப்போதான் நடந்திருக்கணும்."

"என்ன செய்தே?"

"ஐம்பதையும் டப்பாவில் கொட்டிட்டேன். கதவைத் தாழ் போட்டுட்டு முதலிலிருந்து ஆரம்பிச்சேன்."

"நல்ல காரியம் செய்தாய்" என்றேன். அன்றிரவு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

நாளைக் காலை ஷிஃப்டுக்குப் போய்ப் பிரஸ்ஸின் முன் நிற்கப்போகும் தம்பிகளுக்கும் இதைத்தான் சொல்வேன். மேஸ்திரி அவசரப்படுத்துவார். பக்கத்து மிஷின்காரன் நம்மைவிட இருநூறு பீஸ் கூட அடிப்பான். அடிக்கட்டும். கிளட்ச் சரியாகப் பிடிக்கிறதா, கார்டு மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது அடி விழுந்தால் மிஷினை நிறுத்தி, ஃபிட்டரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை கை உள்ளே போகவேண்டாம்.